பணத்துக்கு ஒன்று, ஊர்சுற்ற ஒன்று

கோவில்பட்டியில் என் கடையை இன்னும் பிரவுசிங் சென்டர் என்றுதான் சொல்கிறார்கள். பெயர்ப்பலகையில் ஆன்லைன் சேவை, ஜெராக்ஸ், லேமினேஷன் என்று மாற்றி எழுதிப் பல வருஷம் ஆகிறது. பெயரில் பிரவுசிங் இருந்தும், உள்ளே வருகிறவர்களில் பிரவுசர் என்ற வார்த்தையைச் சொல்கிறவர் அபூர்வம். பட்டா நகல் எடுக்க வருகிற பெரியவர், "யம்மா, அந்தக் கலர் கலரான உருண்டைய அமுக்கு" என்பார். ஹால் டிக்கெட்டுக்கு வருகிற பிள்ளைகள், "அக்கா, கூகுள ஓப்பன் பண்ணுங்க" என்பார்கள். அவர்களுக்கு கூகுள், குரோம், இன்டர்நெட் மூன்றும் ஒன்று. தப்புச் சொல்ல முடியாது. வாங்கின போனில் அதுதான் இருந்தது, அதையே தட்டுகிறார்கள்.

என் மேசைக் கம்ப்யூட்டரில் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், உலா நான்கும் இருக்கின்றன. ஒருவருக்குப் பட்டா எடுக்க ஒன்றைத் திறந்துவிட்டு, அடுத்தவருக்குக் கரண்ட் பில் கட்ட வேறொன்றுக்குப் போவதைக் கவனிக்கிறவர்கள், "எதுக்கும்மா இத்தனை? இதுல எது நல்லது?" என்று கேட்பதுண்டு. பின்னால் வரிசை நிற்கும்போது விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம்.

பிரவுசர் செய்கிற வேலை ஒன்றுதான். நாம் முகவரி கொடுத்ததும், எங்கோ இருக்கிற சர்வரிலிருந்து எழுத்தும் படமும் வரும். அவற்றை எப்படி அடுக்க வேண்டும் என்ற குறிப்பும், பட்டனைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்ற புரோகிராமும் கூடவே வரும். அத்தனையையும் படித்து, கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக வரைந்து காட்டுவது உள்ளே இருக்கும் எஞ்சின். டேப், மெனு, புக்மார்க் எல்லாம் மேலே கட்டிய பாடி. ஒரே கம்பெனி சேசிஸை வாங்கிக் கரூரில் ஆளுக்கொரு விதமாகப் பாடி கட்டி, முகப்பில் வேறு வேறு பெயர் எழுதி ஓட்டுகிறார்கள் இல்லையா, பிரவுசர்களும் இன்று அப்படித்தான். குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ், விவால்டி, சாம்சங் போனோடு வருகிற பிரவுசர், சோஹோவின் உலா, எல்லாமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. அதன் எஞ்சினுக்குப் பெயர் பிளிங்க். ஆப்பிளின் சஃபாரிக்கு வெப்கிட். ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ. பொதுஜனம் கையில் புழங்குவது இந்த மூன்றுதான். ஐபோனில் அதுவும் இல்லை: நம் நாட்டு ஐபோனில் குரோம் என்று போட்டிருந்தாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். வேறு எஞ்சினுக்கு ஆப்பிள் முதலில் இடம் கொடுத்தது 2024இல், ஐரோப்பிய ஒன்றியத்தில், அங்கே சட்டம் கட்டாயப்படுத்தியதால்.

ஆகவே குரோம் வேகமா எட்ஜ் வேகமா என்று கல்லூரிப் பையன்கள் சண்டை போடும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். வேகத்தை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு ஒரு சென்டரில் கவுன்ட்டரில் உட்கார்ந்த காலத்தில், பிரவுசரிடம் நாங்கள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும்.

இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அப்போது தமிழ்ப் பத்திரிகைகளின் இணையதளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தைப் பொருத்தி வைத்த எழுத்துருக்கள் அவை. அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தமிழ் இல்லை. இதைச் சமாளிக்க மைக்ரோசாஃப்ட் ஒரு வழி செய்திருந்தது: பக்கம் வரும்போதே அதற்கான எழுத்துருவும் கூட வந்து இறங்கிவிடும். ஆனால் அந்த வகைக் கோப்பு இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மட்டும்தான் புரியும். அதே செய்தியை வேறு பிரவுசரில் திறந்தால் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்த குப்பைதான் வரும். வெளிநாட்டு மகனுக்கு மெயில் அனுப்ப வருகிறவர்கள் போகிற போக்கில் ஊர்ச் செய்தி படித்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்காகவே எல்லாக் கம்ப்யூட்டரிலும் நீல நிற 'இ' இருந்தாக வேண்டும்.

அந்த நீல 'இ'க்கு அன்று எதிரியே கிடையாது. 1994இல் வந்த நெட்ஸ்கேப்தான் முதலில் கொடி கட்டிப் பறந்தது. அடுத்த வருஷம் மைக்ரோசாஃப்ட் தன் பிரவுசரைக் கொண்டுவந்தது. இலவசமாகவே கொடுத்து, விண்டோஸோடு சேர்த்தும் கட்டி அனுப்பியதும் நெட்ஸ்கேப் விழுந்தது. 1998இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது, தீர்ப்புகளும் வந்தன. நெட்ஸ்கேப்புக்கு அதனால் உயிர் வரவில்லை. போட்டி செத்ததும் என்ன ஆனது என்பதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி. 2001இல் எக்ஸ்புளோரரின் 6ஆம் பதிப்பு வந்தது. 7ஆம் பதிப்புக்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் வைரஸும், தானாகத் திறக்கிற விளம்பரச் சன்னல்களும் சென்டர்களைப் படுத்தியபாடு கொஞ்சமில்லை.

நெட்ஸ்கேப் சாகும்முன் தன் மூலநிரலைப் பொதுவில் வைத்துவிட்டுப் போனது. அதிலிருந்து முளைத்ததுதான் ஃபயர்ஃபாக்ஸ், 2004 நவம்பரில். டேப் வசதி உண்டு, தொல்லைச் சன்னலைத் தானே தடுத்துவிடும். ஆனால் தமிழ்? பழைய எழுத்துருப் பக்கங்களை யூனிகோடாக மாற்றிக்காட்ட பத்மா என்ற எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் பல தளங்களைப் படித்துவிடலாம். யூனிகோடு தளங்களில் வேறு ஒரு கூத்து. பத்தியின் இரு ஓரமும் சமமாக இருக்கும்படி யாராவது அழகுபடுத்தியிருந்தால், ஃபயர்ஃபாக்ஸில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறிக் கிடக்கும். அந்த அழகு வேண்டாம் என்று தமிழில் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. 2008இல் 3ஆம் பதிப்பு வந்த பிறகுதான் அந்தச் சிதறல் சரியானது.

நோக்கியா போனில் ஓப்பரா மினி வந்தது இன்னொரு புதுமை. நாம் கேட்கும் பக்கத்தை அவர்களுடைய சர்வர் வாங்கி, சுருக்கி, சின்னதாக்கிப் போனுக்கு அனுப்பும். எத்தனை கேபி இறங்குகிறது என்று எண்ணிக் காசு எடுத்த நாளில் அது பெரிய மிச்சம். தமிழ் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்கு ஒரு மறைவான வழி இருந்தது. முகவரி இடத்தில் ஓப்பரா, ஒரு முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதன் அடியில், சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பவா என்று ஒரு கேள்வி இருக்கும். 'யெஸ்' போட்டுச் சேமித்தால் போதும், சர்வரே தமிழைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொள்ளவே கடைக்கு ஆள் வரும். ஆனால் இதில் வங்கி வேலை பார்க்காதீர்கள் என்று சேர்த்தே சொல்லி அனுப்புவேன். நாம் தட்டுவதெல்லாம் நடுவில் இன்னொருவர் சர்வரில் பிரிந்து, மறுபடி கட்டுப்பட்டுப் போகிறது என்றால், அங்கே பாஸ்வேர்டைக் கொடுப்பானேன்? பணத்துக்கு ஒரு பிரவுசர், ஊர்சுற்ற ஒரு பிரவுசர் என்று நான் பிரிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

குரோம் 2008 செப்டம்பரில் வந்தது. கூகுளில் அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. ஒவ்வொரு டேப்பையும் தனித்தனி வேலையாக ஓட்டினார்கள். ஒன்று தொங்கினால் அது மட்டும் விழும், மற்றவை நிற்கும். முக்கால்வாசி நிரப்பிய விண்ணப்பம், பக்கத்தில் திறந்த ஏதோ ஒரு பக்கத்தால் மொத்தமாகப் போய்விடுகிற கொடுமையைப் பார்த்த கடைக்காரிக்கு இது போதாதா? உலகமும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். 2012இல் குரோம் எக்ஸ்புளோரரை முந்தியது. இன்று உலகில் மூன்றில் இரண்டு பங்குப் பார்வை அதன் வழியாகத்தான். தனித்தனியாக ஓட்டுவதற்கு விலை உண்டு, அது ராம். 4 ஜிபி உள்ள பழைய கம்ப்யூட்டரில் இருபது டேப் திறந்தால் மூச்சு வாங்கும். பயன்படுத்தாத டேப்பைத் தூங்கவைக்கும் வசதி குரோமிலும் எட்ஜிலும் வந்துவிட்டது. செட்டிங்ஸில் மெமரி என்று தேடி, அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் இலவசம் என்பதுதான் என்னை உறுத்தும். காசு வாங்காமல் ஒருவர் நமக்கு ஒன்றைக் கொடுத்தால், அவருக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது எங்கள் ஊர் வழக்கம். கூகுளுக்கு விளம்பரத்தில் வருகிறது. நாம் என்ன தேடுகிறோம், எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் விளம்பரத்துக்கு விலை கூடும். ஆப்பிளுக்கு ஐபோன் விற்றாலே காசு. அதனால் சஃபாரி நம்மைப் பின்தொடரும் குக்கீகளை 2020லேயே முழுக்கத் தடுத்துவிட்டது. அதே சஃபாரியில் கூகுள் தேடலை முதலில் வைப்பதற்கு 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்த கணக்கு நீதிமன்றத்தில் வெளியே வந்தது. அந்தரங்கத்துக்குப் பேர்போன ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லாவுக்கும் பெரும்பகுதி வருமானம் இதே வகையில், இதே கூகுளிடமிருந்துதான். யாரும் சாமியார் இல்லை. ஆனாலும் வித்தியாசம் உண்டு. அந்தப் பின்தொடரும் குக்கீகளை நிறுத்தப்போவதாக 2020இல் சொன்ன கூகுள், தள்ளித் தள்ளிப் போட்டு, 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத் தடுப்பானில் பேரெடுத்த யூபிளாக் ஆரிஜினுக்கும் இப்போது குரோமில் இடமில்லை, எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிவிட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸில் அது முழுசாக ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனில்கூட.

எனவே ஊர்சுற்ற எனக்கு ஃபயர்ஃபாக்ஸ். சமையல் குறிப்பு, ஜாதகம், பாட்டு வரி, மாதிரி வினாத்தாள் இவை கிடைக்கிற தளங்களில்தான் 'டவுன்லோட்' என்று பச்சையாக நாலு பட்டன் மின்னும்; நிஜமானது அதில் ஒன்றாகத்தான் இருக்கும். தடுப்பான் போட்டால் மற்ற மூன்றும் மறைந்துவிடும். இன்னொரு காரணம் முழுக்க என் தொழில் சம்பந்தப்பட்டது. கன்டெய்னர் என்ற வசதியைச் சேர்த்துக்கொண்டால், ஒரே தளத்தில் இரண்டு பேருடைய கணக்கை இரண்டு நிற டேப்பில் ஒரே நேரத்தில் திறந்துவைக்கலாம். நீல டேப்பில் மாரியம்மாள் பென்ஷன் மனு, பச்சை டேப்பில் அவருடைய மருமகள் மனு. ஒருவர் ஓடிபிக்குக் காத்திருக்கும்போது இன்னொருவர் வேலை நடக்கும். விண்டோஸ் 7 வைத்திருக்கிறவர்களுக்கும் ஃபயர்ஃபாக்ஸ்தான் கைகொடுத்தது. 2023 தொடக்கத்தில் குரோம் அவர்களை விட்டுவிட்ட பிறகும், ஃபயர்ஃபாக்ஸின் 115ஆம் பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருந்தது.

எட்ஜை நம் ஆட்கள் "குரோம் இறக்குவதற்கான பிரவுசர்" என்று கேலி செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். பழைய எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்கிற தளங்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகினால்தான் அசைகிற தளங்கள், இன்னும் ஒன்றிரண்டு மிச்சமிருக்கின்றன. எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூனில் மூடுவிழா நடந்துவிட்டாலும், எட்ஜுக்குள் ஐஇ மோடு என்று அதன் ஆவி உலவுகிறது, 2029 வரையாவது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் வாக்குக் கொடுத்திருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது ரீட் அலௌட். ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அமுக்கினால் அது வாய்விட்டுப் படிக்கும். குரலுக்குப் பெண் என்றால் பல்லவி, ஆண் என்றால் வள்ளுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண்புரை அறுவைக்குப் பிறகு மாமனாருக்கு எழுத்து கூசும். காலையில் வள்ளுவரைப் போட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுவேன், தலையங்கம் முதல் ராசிபலன் வரை கேட்டுக்கொண்டிருப்பார். 'ழ'வைக் குரல் சுத்தமாகச் சொல்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமை வேறு. பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் மட்டும் வேண்டாம், உளறித் தள்ளும்.

உலாவைப் பணத்துக்கு வைத்திருக்கிறேன். சோஹோ 2023இல் கொண்டுவந்தது. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025இல் முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய், வாங்கியது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி என்பதால் எங்கள் பக்கத்துக்காரர் என்ற பாசமும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பாசத்துக்காக மட்டுமில்லை. சோஹோவுக்குக் காசு மென்பொருள் விற்று வருகிறது, விளம்பரத்தில் இல்லை. அடித்தளம் குரோமியம் என்பதால் குரோமில் வேலை செய்கிற தளம் இதிலும் செய்யும். முக்கியமாக, அதில் கரண்ட் பில், வங்கி, வரி தவிர வேறு எதையும் நான் திறப்பதில்லை. எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூடக் கிடையாது. பிரவுசர் எது என்பதைவிட இந்தச் சுத்தம்தான் காவல். உங்களிடம் உலா இல்லையா, வேறு ஏதாவது ஒன்றை இப்படி ஒதுக்கி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் என்பது நாம் பார்க்கிற பக்கத்தை எல்லாம் கூட நின்று பார்க்க அனுமதி வாங்கிய ஆள். வங்கிப் பக்கத்தில் அவருக்கு என்ன வேலை?

முகவரியைப் பார்க்கும் பழக்கமும் இங்கே வேண்டும். பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். பூட்டு சொல்வது நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும்தான், எதிரில் இருப்பவர் யோக்கியரா என்பதை அல்ல. திருட்டுத் தளத்துக்கும் பூட்டு உண்டு. இந்தக் குழப்பத்தால்தான் 2023இல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. இப்போது நம் வங்கிகளின் முகவரி டாட் பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் கடைசி வரை கெடு வைத்து மாற்றச் சொல்லிவிட்டது. அரசுத் தளம் என்றால் டாட் கவ் டாட் இன் அல்லது டாட் நிக் டாட் இன். தேடலில் முதலில் வருவது விளம்பரமாகவும் இருக்கலாம், வாலைப் பாருங்கள்.

பிரேவ், விவால்டி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: இரண்டும் நல்லவை. பிரேவில் விளம்பரத் தடுப்பு கூடவே வரும், விவால்டி எதையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கப் பிடித்தவர்களுக்கு. ஐபோன்காரர்கள் சஃபாரியிலேயே இருக்கலாம், பேட்டரி மிச்சம்.

இன்காக்னிட்டோவைப் பற்றித்தான் தவறான நம்பிக்கை அதிகம். கறுப்புச் சன்னல் திறந்தால் யாருக்கும் தெரியாது என்று பையன்கள் நினைக்கிறார்கள். மூடியதும் ஹிஸ்டரியும் குக்கீயும் அந்தக் கம்ப்யூட்டரில் தங்காது, அவ்வளவுதான். நெட் கொடுக்கிற கம்பெனிக்கும், போய்ப் பார்த்த தளத்துக்கும் தெரியும். கூகுள்மேல் 2020இல் இதற்காகவே வழக்கு வந்து, சேர்த்துவைத்த விவரங்களை அழிப்பதாக 2024இல் சமரசம் ஆனது. இன்னொன்று: கறுப்புச் சன்னலில் இறக்கிய கோப்பு அழியாது. பொதுக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸைத் திறந்து பாருங்கள், ஊரார் ஆதார் அட்டை அத்தனையும் கிடக்கும். என் கடையில் வாடிக்கையாளர் எழுந்ததும் அந்தக் கோப்பை அவர் கண்முன்னால் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வேன். வேறு கடைக்குப் போனால் நீங்களே கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். வெளிக் கம்ப்யூட்டரில் குரோமில் ஜிமெயில் திறந்தால் பிரவுசரும் உங்கள் பெயரில் திறந்துகொள்ளக்கூடும். கெஸ்ட் சன்னலில் திறப்பது நல்லது. "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்றால் அங்கே வேண்டாம், உங்கள் சொந்தப் போனில் என்றால் தாராளமாக.

பெரியவர்கள் போனில் "வைரஸ் இருக்கிறது, உடனே தொடுங்கள்" என்று மணிக்கொரு தரம் எகிறுகிறதே, அது பெரும்பாலும் வைரஸ் இல்லை. எப்போதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்பவா என்று கேட்டு, அவர் 'அலவ்' தட்டியிருப்பார். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸுக்குள் போனால் அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயரையெல்லாம் நிறுத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது. இதற்காகப் போனையே ரீசெட் போட்டுக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது புது வரவு ஏஐ பிரவுசர்கள். 2025இல் பெர்ப்ளெக்சிட்டி காமெட்டைக் கொண்டுவந்தது, ஓப்பன்ஏஐ அட்லஸை. பெர்ப்ளெக்சிட்டியை நடத்தும் அரவிந்த் ஸ்ரீநிவாஸும் சென்னைக்காரர், குரோமையே 3,450 கோடி டாலருக்கு விலை கேட்டவர். ஆக குரோம், உலா, காமெட் என எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்மவர்தான். "இந்தப் பக்கத்தைச் சுருக்கிச் சொல், இந்த டிக்கெட்டைப் போடு" என்றால் அது தானே டேப் திறந்து, தட்டி, செய்துவிடும். ஆசையாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், பக்கத்தில் இருக்கிற எழுத்தையும் நாம் கொடுத்த கட்டளையையும் அது குழப்பிக்கொள்ளக்கூடும். ஏதோ ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதிவைத்த கட்டளையை நாம் சொன்னதாக எடுத்துக்கொண்டு, திறந்திருக்கும் மெயிலுக்குள் போய்விடலாம் என்பதை பிரேவ் ஆராய்ச்சியாளர்கள் காமெட்டில் செய்தே காட்டினார்கள். அதனால் கடையின் ஓரத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் காமெட்டைப் போட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கணக்கும் லாகின் ஆகாத கம்ப்யூட்டர் அது. ப்ராஜெக்ட் எழுத வருகிற பிள்ளைகள் அதில் இஷ்டம்போல விளையாடட்டும், கரண்ட் பில் கட்டுகிற மேசைப் பக்கம் மட்டும் அது வர வேண்டாம்.